ஒரே எஞ்சின், இரண்டு ஹேண்டில்பார்

முதல் நாள்: ஆயுத பூஜை, அல்சூர்

அக்கா மகன் தருமபுரியிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்தான். இரண்டாவதில் போன் மாற்றினான். மூன்றாவது சம்பளம் வந்த அன்று என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "மாமா, ஆர்15 வாங்கட்டுமா, எம்டி-15 வாங்கட்டுமா?" என்று பைக் பேச்சை ஆரம்பித்துவிட்டான். யூட்யூபில் இருக்கிற அத்தனை வீடியோவையும் பார்த்து முடித்திருக்கிறான். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியிருக்கிறது. "ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணு மாப்ள" என்றேன்.

அதற்கு வழியும் தானாக அமைந்தது. என்னிடம் மூன்று வருஷமாக யமஹா ஆர்15-இன் நான்காம் பதிப்பு இருக்கிறது. பீனியாவில் எனக்குப் பக்கத்து மெஷினில் வேலை செய்கிற நண்பரிடம் எம்டி-15-இன் இரண்டாம் பதிப்பு இருக்கிறது. பூஜை விடுமுறைக்கு அவர் ஹாசன் பக்கம் சொந்த ஊருக்குப் பஸ்ஸில் போகிறார். எங்களுக்கு ஐந்து நாள் லீவு. சாவியைக் கொடுக்கும்போது, "குரு, ஒரு கீறல் விழக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

காகிதத்தில் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அதே 155 சிசி, தண்ணீரில் குளிரும் ஒற்றை சிலிண்டர் எஞ்சின். எஞ்சின் நிமிஷத்துக்கு 7,400 சுற்றைத் தாண்டியதும், அதிகச் சுற்றிலும் இழுவை கிடைக்கும்படி உள்வால்வைத் திறக்கிற கேம் மாறிக்கொள்ளும் விவிஏ ஏற்பாடு இரண்டிலும் உண்டு. 10,000 சுற்றில் 18.4 பிஎஸ், ஆறு கியர், டெல்டாபாக்ஸ் சட்டம், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 1,325 மில்லிமீட்டர். டயர் அளவுகூட ஒன்றுதான். சீட்டு உயரம் என்னுடையதில் 815, அதில் 810. டேங்க் இதில் 11 லிட்டர், அதில் 10. எடை இது 142 கிலோ, அது 139. இவ்வளவுதான் வித்தியாசம் என்றால் எதற்கு இரண்டு வண்டி என்று தோன்றும். ஆர்15-க்கு ஃபேரிங் என்கிற பிளாஸ்டிக் சட்டை போட்டுவிட்டு, ஹேண்டிலைத் தாழ்த்தி இரண்டு துண்டாக மாட்டி ஸ்போர்ட் பைக் ஆக்கியிருக்கிறார்கள். எம்டியை வெற்று மேலோடு விட்டு, அகலமாக ஒரே ஹேண்டில் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அதற்கு நேக்கட் பைக் என்று பெயர். வீட்டில் பெரியவர்கள் முன்னால் இந்தச் சொல்லை மருமகன் பாதி முழுங்கித்தான் சொல்கிறான். எங்கள் அப்பா ஓட்டிய ஆர்எக்ஸ் 100-உம் இப்படித்தான் இருந்தது. அதை யாரும் நேக்கட் என்று சொன்னதில்லை. அன்றைக்கு வண்டி என்றாலே அதுதான்.

காலையில் பூஜைக்குக் கழுவும்போதே முதல் வித்தியாசம் தெரிந்தது. ஆர்15-க்கு அகலமான பலகைகள், துணி போட்டால் ஐந்து நிமிஷத்தில் பளபளப்பு. ஆனால் அது வெளிவேஷம். சட்டைக்கு உள்ளே எஞ்சின் மேல் ஒரு மழைக்காலத்துச் சேறு அப்படியே உட்கார்ந்திருக்கிறது, விரல் போகாது. எம்டியில் எல்லாமே கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ரேடியேட்டர், எஞ்சின், ட்யூப், ஒயர் ஒவ்வொன்றையும் பல்துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்க்கலாம். தேய்க்கவும் வேண்டும், இல்லாவிட்டால் அசிங்கமாகத் தெரியும். மருமகனுக்கு அரை மணி நேரம் ஆனது.

சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். சாயங்காலம் அல்சூர் ஏரியைச் சுற்றித் தமிழ்ச் சங்கம் வழியாக ஒரு வட்டம். 18 வருஷம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை முன்னால் நிறுத்தி ஒரு போட்டோ. அங்கிருந்து சிவாஜி நகர். மருமகன் எம்டியில், நான் என் வண்டியில்.

ஆயுத பூஜை அன்று பெங்களூரில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும். கடைக்குக் கடை பூசணிக்காயை நடுரோட்டில் போட்டு உடைத்திருப்பார்கள். குங்குமம் கலந்த அந்தச் சதை, தார் ரோட்டின் மேல் கிரீஸ் மாதிரி. "பாத்து வா, பூசணிக்காய் மேல பிரேக் புடிக்காத" என்று வழியெல்லாம் அவனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தேன். சோமேஸ்வரர் கோயில் பக்கத்துச் சந்தில் முன்னால் ஒரு லாரி நின்றது. திரும்பிவிடலாம் என்று ஹேண்டிலை ஒடித்தேன். ஸ்போர்ட் பைக்கில் ஹேண்டில் பாதி திரும்பியதும் நின்றுவிடும், அதற்கு மேல் டேங்கும் ஃபேரிங்கும் விடாது. ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் பிரேக்கைத் தொட்டேன். முன்சக்கரம் சரியாகப் பூசணிக்காய் மேல். நடக்கிற வேகம்தான். ஆனாலும் 142 கிலோவை ஒரு காலில் நிறுத்த முடியவில்லை. மெதுவாக, எல்லோரும் பார்க்கும்படி, இடப்பக்கம் படுத்துவிட்டது.

எனக்கு ஒன்றும் இல்லை. மருமகன் ஓடி வந்து தூக்கிவிட்டான். பூக்கார அம்மா ஒருத்தர், "திருஷ்டி போகணும்னு உடைச்சது, உனக்கு அதுலயே திருஷ்டியா?" என்று கேட்டார். கீழ் ஃபேரிங்கில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல், மாட்டுகிற காது ஒன்று உடைந்து தொங்குகிறது. இதே விழுகை எம்டியில் விழுந்திருந்தால் கிளட்ச் லிவர் நுனியும் ஹேண்டில் முனையும் தேய்ந்திருக்கும், துடைத்துக்கொண்டு போயிருக்கலாம். விலைப் பட்டியலில் இதை யாரும் எழுதுவதில்லை. இரவல் வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை என்பது மட்டும் ஆறுதல்.

இரண்டாம் நாள்: நந்தி மலை

காலை நாலரைக்குக் கிளம்பினோம். இன்றைக்கு மாற்றிக்கொண்டோம். போகும்போது நான் எம்டி, அவன் ஆர்15. தொங்கின ஃபேரிங்கை டேப் போட்டு ஒட்டியிருக்கிறோம். ஹெப்பாள் மேம்பாலம் வரை சாலை காலி. காலியாக இருக்கிற பெங்களூரில் ஓட்ட எம்டி மாதிரி வண்டி வேறு கிடையாது. முதுகு நேராக, முழங்கை மடங்கி, பார்வை கார்களின் கூரைக்கு மேலே. சிக்னலில் விட்டதும் இரண்டாவது கியரில் பொசுக்கென்று போகிறது. ஹெப்பாள் வரும்போது "என் வண்டியை வித்துடலாமா" என்ற நினைப்பே வந்துவிட்டது.

ஹெப்பாள் தாண்டி விமான நிலையச் சாலையில் ஏறினோம். அங்கேதான் கதை மாறியது.

ஐம்பதில் போகும்வரை காற்று ஒரு பொருட்டே இல்லை. அறுபதுக்கு மேல் நெஞ்சில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளுகிற மாதிரி. எண்பதில் இரண்டு கையாலும் தள்ளுகிறார்கள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 45-இல் இருக்கிற தடை 90-இல் நாலு மடங்கு. அதைத் தாண்டிப் போக எஞ்சினுக்கு வேண்டிய சக்தி எட்டு மடங்கு. பள்ளிக்கூடத்தில் படித்ததை நெஞ்செலும்பால் உணர வேண்டுமானால் எம்டியில் தேவனஹள்ளி வரை போனால் போதும். கைகள் இப்போது ஹேண்டிலைப் பிடித்திருக்கவில்லை. என்னைப் பின்னால் பறந்துவிடாமல் கட்டி வைத்திருக்கிற இரண்டு கயிறுகளாக மாறிவிட்டன. தோள்பட்டை இறுகுகிறது. ஹெல்மெட்டுக்குள் ஓயாமல் இரைச்சல். மேலோடு நிற்கிறவனுக்குக் குளிர் வேறு.

முன்னால் மருமகன் டேங்க் மேல் குனிந்து, கண்ணாடிக்குப் பின்னால் ஒதுங்கி, தூங்குகிற குழந்தை மாதிரி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தான்.

தேவனஹள்ளி தாண்டி இடப்பக்கம் திரும்பி, மலை ஏறத் தொடங்கியதும் மறுபடி காற்று இல்லை, வேகம் இல்லை. கொண்டை ஊசி வளைவுகள். இங்கே எம்டி ராஜா. ஹேண்டில் அகலமாக இருப்பதால் நெம்புகோல் நீளம். லேசாகத் தள்ளினால் வண்டி சாய்கிறது, இழுத்தால் நிமிர்கிறது. வளைவின் உள்ளே நின்று தலையைத் திருப்பி மேலே என்ன வருகிறது என்று பார்க்க முடிகிறது. எஞ்சின் விஷயத்தில் மட்டும் இரண்டுக்கும் ஒரே குறை: 6,000 சுற்றுக்குக் கீழே இழுவை சோர்ந்திருக்கும். கியரைக் குறைத்து எஞ்சினைக் கத்தவிட்டால்தான் ஏறும். விவிஏ விழிக்கிற 7,400-ஐ அடுத்த வளைவு வருவதற்குள் தொடுவதே அபூர்வம். மருமகன் ஒவ்வொரு வளைவிலும் கையும் முழங்காலும் டேங்கில் முட்டி முட்டித் திரும்பி வந்தான். மேலே வந்ததும் முதல் வார்த்தை: "மாமா, இந்த வண்டிக்கு வளைவுன்னா புடிக்கும்னு சொன்னாங்களே?" பிடிக்கும், ஆனால் இந்த மாதிரி வளைவு இல்லை என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

1,478 மீட்டர் உயரம். மூடுபனியில் பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியவில்லை. வாசலில் வரிசையில் நின்றதைவிடச் சூரியனைப் பார்த்த நேரம் குறைவு. திப்புவின் கோடைமாளிகை, கைதிகளைத் தள்ளியதாகச் சொல்கிற பாறை முனை, குரங்குகள். எல்லோரும் எழுதியாகிவிட்டது, நான் விட்டுவிடுகிறேன். மருமகனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். பாலாறும் தென்பெண்ணையும் இந்த மலைப்பக்கம்தான் பிறக்கின்றன. "அப்போ நம்ம கிருஷ்ணகிரி டேம் தண்ணி?" என்றான். இங்கிருந்து கிளம்பினதுதான். நடுவில் பெங்களூர் கழித்துவிடுகிற சாக்கடையையும் சுமந்துகொண்டு போகிறது என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இறங்கும்போது நான் என் வண்டிக்கு வந்தேன். மூன்று வருஷமாக ஓட்டுகிறேன், ஆனால் எம்டியிலிருந்து இறங்கிய கையோடு ஏறியதில்லை. ஏறியதும் என்னவோ குப்புற விழப்போகிற மாதிரி இருந்தது. இறக்கத்தில் ஸ்போர்ட் பைக் ஒரு தண்டனை. வண்டி முன்னால் சாய்ந்திருக்கிறது, நாம் வண்டி மேல் முன்னால் சாய்ந்திருக்கிறோம், பிரேக் பிடித்தால் மிச்ச எடையும் முன்னால் வருகிறது. எல்லாவற்றையும் தாங்குவது இரண்டு மணிக்கட்டு. அடிவாரத்தில் போக நந்தீஸ்வரர் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியபோது விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

அதற்கப்புறம் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே ஒரு சாலை. நல்ல தார், நீளமான வளைவுகள், எதிரே வண்டியில்லை. அறுபது, எழுபது. இதைத்தான் மேலே அவனிடம் சொல்ல முயன்றேன். முன்சக்கரம் எந்தக் கல்லைத் தொடுகிறது என்பது கை வழியாகத் தெரிகிறது. சாய்த்தால் சாய்த்த கோட்டிலேயே ரயில் மாதிரி நிற்கிறது. நெடுஞ்சாலைக்கு வந்து எண்பதைத் தொட்டதும் (சரி, கொஞ்ச நேரம் தொண்ணூறு) அடுத்தது நடந்தது. காற்று கண்ணாடிக்கு மேலாக வந்து நெஞ்சுக்கு அடியில் கைகொடுத்து என்னைத் தாங்கிக்கொண்டது. மணிக்கட்டிலிருந்த பாரம் காணாமல் போய்விட்டது. இதே உட்காரும் முறைதான் காலையில் வலித்தது. அதே முறை இப்போது சாய்வு நாற்காலி.

அதாவது, காற்று தாங்கும் என்று நம்பித்தான் அந்த ஹேண்டிலை அவ்வளவு தாழ்வாக வைத்திருக்கிறார்கள். முப்பதில் போனால் தாங்க ஆள் இல்லை, நாமே தாங்க வேண்டும். எம்டியின் ஹேண்டில் அதற்கு நேர்மாறு. காற்றே கிடையாது என்று வைத்துக்கொண்டு செய்தது. மூன்று வருஷம் ஓட்டியும் இதை நான் இப்படி யோசித்ததில்லை.

தேவனஹள்ளியில் சக்கோத்தா கிடைத்தது. நம்ம ஊர் பம்பளிமாஸ்தான், தலை அளவுக்கு ஒன்று. வாங்கிவிட்டோம். இரண்டு வண்டியிலும் அதை வைக்க இடம் கிடையாது. முதுகுப் பையில் போட்டு நானே சுமந்தேன். குனிந்து ஓட்டும்போது பை வழுக்கிக்கொண்டு ஹெல்மெட்டின் பிடரியில் வந்து முட்டியது, ஹெப்பாள் வரை.

மூன்றாம் நாள்: மழை, மணிக்கட்டு

இன்றைக்கு எங்கும் போகவில்லை. வலது மணிக்கட்டில் தைலம். வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு வலித்தால் பாதித் தப்பு ஓட்டுகிறவன் மேல். தொடையால் டேங்கை இறுக்கி, இடுப்பு பலத்தில் உடம்பை நிறுத்தினால் கை சும்மா தொட்டுக்கொண்டு இருக்கலாம், முழங்கை மடங்கியே இருக்கும். பத்து நிமிஷத்துக்கு இதைச் செய்ய முடியும். ஒரு மணி நேரம் கிளட்சும் முதல் கியருமாக ஊர்கிற பெங்களூரில் எந்த யோகியாலும் முடியாது. கழுத்து தனிக் கதை. குனிந்த உடம்பில் தலையை மட்டும் தூக்கிப் பார்ப்பது ஆமை செய்கிற வேலை.

மத்தியானம் மழை விட்டதும் சிவாஜி நகரில் தெரிந்த மெக்கானிக்கிடம் உடைந்த காதைக் காட்டினேன். சூடான கம்பியால் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிக் கொடுத்தார். ஒட்டியதைவிடக் கழற்றி மாட்டத்தான் நேரம். எந்த வேலைக்கும் முதலில் சட்டையைக் கழற்ற வேண்டும், அதற்கு இத்தனை ஸ்க்ரூ, இத்தனை கொக்கி, ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஒரு கொக்கி பலம் இழக்கும். "இந்த வண்டிக்கு நான் டாக்டர் பாதி, டெய்லர் பாதி" என்றார். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். கீறல் அப்படியேதான் இருக்கிறது.

நான்காம் நாள்: தங்கவயல்

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் பகுதியில் இருக்கிற அத்தையைப் பார்க்கப் போனோம். அப்பாவின் அக்கா. மருமகனுக்குப் பாட்டி முறை. பழைய மெட்ராஸ் ரோடு, கே.ஆர்.புரம் தொங்கு பாலம், ஹொஸ்கோட்டை, நரசாபுரா, கோலார், பங்காருப்பேட்டை. நூறு கிலோமீட்டர் இருக்கும். கே.ஆர்.புரம் தாண்ட முக்கால் மணி நேரம், அதற்கப்புறம் கோலார் வரை கண்மூடித் திறப்பதற்குள். கே.ஆர்.புரத்தில் நான் மருமகனைப் பொறாமையோடு பார்த்தேன். ஹொஸ்கோட்டை தாண்டி அவன் என்னைப் பார்த்தான். இரண்டாம் நாள் கண்டுபிடித்ததே மறுபடியும் நடந்தது. அதை மறுபடி எழுத வேண்டாம்.

புதிதாகத் தெரிந்தது இரண்டு. லாரியைத் தாண்டும்போது அதன் காற்று எம்டியில் தலையையும் தோளையும் அடித்து ஆட்டுகிறது, வண்டி அசையவில்லை. ஆர்15-இல் என் மேல் அடி விழவில்லை, வண்டியே பக்கவாட்டில் ஒரு முழம் நகர்ந்து திரும்பி வருகிறது. பலகை அகலம், காற்று பிடிக்கிறது. எது தேவலை என்று கேட்டால் நான் அடியை வாங்கிக்கொள்கிறேன் என்பேன். இன்னொன்று, பங்காருப்பேட்டை தாண்டி வந்த குழிகள். எம்டியில் பெடலில் எழுந்து நின்றால் முழங்கால் குழிகளை வாங்கிக்கொள்ளும், ஹேண்டில் கைக்கு எட்டுகிறது. என்னுடையதில் பெடல் பின்னால், ஹேண்டில் கீழே. எழுந்து நின்றால் தோப்புக்கரணத்தில் பாதியில் மாட்டிக்கொண்டவன் மாதிரி இருக்கும். உட்கார்ந்தே எல்லாக் குழியையும் எண்ணினேன்.

தங்கவயலுக்குள் நுழைகிற இடத்தில் சயனைடு மேடுகள். பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டின தூள், நூறு வருஷத்துக்கு மேலாகச் சேர்ந்து மலையாக நிற்கிறது. மழை பெய்திருந்ததால் இன்று தூசி பறக்கவில்லை. மருமகன் இங்கே முதல்முறை வருகிறான். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைக் கையில் எடுத்தது. 1902-இல் சிவனசமுத்திரத்து அருவியிலிருந்து இங்கே மின்சாரம் வந்தது, பெங்களூருக்கே விளக்கு எரியாத காலம் அது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். 1965-இல் அதற்குள் இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில் கருவி வைத்து, காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ துகளைப் பிடித்தார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடிவிட்டார்கள். அத்தையின் வீட்டுக்காரர் அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்தும் வந்து இறங்கினவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். அத்தை மகனும் அப்படித்தான். லீவு நாளிலும் ஆள் வீட்டில் இல்லை.

லைன் வீட்டு வாசலில் வண்டிகளை நிறுத்தினோம். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நான் இறங்குகிறவரை பார்த்தார்.

"ஏன்டா கண்ணு, அப்படிக் குனிஞ்சிக்கினு வர்றியே, எதையாவது தொலைச்சிட்டியா?"

மருமகனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அத்தை அவன் வண்டிப் பக்கம் திரும்பினார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இது தேவலை. உங்க மாமா சைக்கிள் மாதிரி நேரா இருக்குது. ஆமா, பின்னாடி ஆளு எங்க குந்தறது?"

நல்ல கேள்வி. நாலு நாளாக நாங்கள் இருவரும் கேட்காத கேள்வி. இரண்டு வண்டியிலும் பின்சீட்டு என்பது ஒரு செங்கல் அளவு, அதுவும் மச்சுப்படி உயரத்தில். பிடித்துக்கொள்ள ஒழுங்கான கம்பி கிடையாது. சாப்பிட்டு முடித்து ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவுக்குப் போக வேண்டும் என்றார். மருமகன் ஆசையாக, "வாங்க பாட்டி, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று எம்டியைக் கிளப்பினான். அத்தை ஒரு கையால் சீட்டை அழுத்திப் பார்த்தார், புடவைக் கொசுவத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"ரெண்டுமே ஒண்டிக்கட்டைங்க ஓட்டறதுக்குச் செஞ்சதுடா. போய் ஆட்டோ கூப்பிடு."

ஆட்டோ இருபத்தைந்தில் போனது. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும், மந்திரி காருக்குப் பாதுகாப்பு போகிற மாதிரி. இருபத்தைந்தில் என் மணிக்கட்டு என்ன சொன்னது என்பதை எழுத வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது ஹொஸ்கோட்டையில் பெட்ரோல் போட்டுக் கணக்குப் பார்த்தோம். நேற்று இரவு இரண்டையும் விளிம்புவரை நிரப்பியிருந்தோம். ஆர்15 லிட்டருக்கு ஏறக்குறைய 47, எம்டி 44. ஒரே சாலை, ஒரே வேகம். மருமகன் என்னைவிட எட்டுக் கிலோ குறைவு, ஆனாலும் அவன் வண்டிதான் அதிகம் குடித்தது. அவன் நெஞ்சு பிடித்த காற்றுக்குக் கொடுத்த விலை என்று வைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் மட்டும் ஓட்டினால் இந்த வித்தியாசம் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள்: கணக்கு

எம்டியைக் கழுவி நண்பர் வீட்டில் விட்டாயிற்று. சுற்றிப் பார்த்தார், கீறல் இல்லை. என் வண்டியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

மருமகன் ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னான். "மாமா, எனக்கு ஆர்15-தான்."

நாலு நாள் சந்தில் மாட்டி, மலையில் முட்டி, அத்தையிடம் கேலி வாங்கிய வண்டி. ஏன் என்றேன். அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். தங்கியிருக்கிற இடத்திலிருந்து ஆபீஸ் பத்து நிமிஷ நடை, அதற்கு வண்டியே வேண்டாம். வண்டி எடுப்பது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தருமபுரிக்கு. ஓசூர், கிருஷ்ணகிரி, அப்படியே நாலு வழிச் சாலை, எண்பதில் இரண்டு மணி நேரம். "என் ஓட்டத்துல முக்கால்வாசி காத்துலதான் மாமா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்கதான் தப்பான வண்டி வச்சிருக்கீங்க" என்றான்.

அல்சூரிலிருந்து பீனியா. யஷ்வந்த்பூர், கொரகுண்டேபாளையா சிக்னல். போக ஒரு மணி, வர ஒன்றேகால். வாரத்துக்கு ஆறு நாள். நாற்பதைத் தொடுவதே எப்போதாவது. காற்று என்னைத் தாங்கிய நாட்கள் மூன்று வருஷத்தில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன், இரண்டு கை விரல் போதும்.

2008-இல் ஆர்15 முதன்முதலாக வந்தபோது நான் பயிற்சியாளனாக இருந்தேன். பட்டறைக்குப் போகிற வழியில் ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் நீல நிறத்தில் ஒன்று நின்றது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு நிறுத்தம் நடந்து போவேன், அதைப் பார்ப்பதற்காக. வாங்கியது முப்பத்தேழு வயதில். இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"நீங்க எம்டி வாங்கிக்கங்க, இதை எனக்குக் குடுத்துடுங்க. வெளில குடுத்தா என்ன தருவாங்களோ அதையே தர்றேன்" என்றான். அக்கா அதற்குள் போனில் வந்துவிட்டாள். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள். நான் ஒரு விலை சொன்னேன். அக்கா, "தம்பி, உன் மருமகன்டா" என்றாள். ஐயாயிரம் குறைத்தேன்.

அவன் எழுந்து போய் வாசலில் நின்ற வண்டியின் இடப்பக்கம் குந்தி உட்கார்ந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தான்.

"மாமா, கீழ ஃபேரிங் உடைஞ்சி ஒட்டியிருக்கே. அதுக்கு ஒரு ரெண்டாயிரம் கழிச்சுக்கங்க."